வேட்பாளர் தண்ணீர் குடிப்பதில்லை

கும்பிட்ட கையை இறக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இறக்கினால் திமிர் பிடித்தவள் என்று ஜனங்கள் நினைப்பார்களாம். மில் கேட்டில் ஏறியதிலிருந்து இந்த ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறேன், தோள்பட்டை இரண்டும் என்னுடையதாகவே இல்லை, யாரோ கழற்றித் தப்பாக மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. அவள் இறக்குகிறாளே. எதிர்த்து நிற்கிற ரேணுகாதேவி இறக்குகிறாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை மைக்கில், அப்படித்தான் நின்று பேசுகிறாள், இவருடைய போனில் எத்தனை தடவை பார்த்தாயிற்று, அவளை யாரும் திமிர் என்று சொல்லவில்லை. இவரே சொல்லவில்லை. "பாரு, எப்படி நிக்கா பாரு" என்றுதான் சொன்னார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, பிசைந்த சோறு பிசைந்தபடி கையில் இருக்க, எப்படி நிக்கா பாரு. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ரசக் கரண்டியோடு. நான் எப்படி நிற்கிறேன் என்று கல்யாணம் ஆனதிலிருந்து ஒருநாளாவது பார்த்திருப்பாரா இந்த மனிதர். இப்போது பார்க்கிறார், பின்னால் நின்றுகொண்டு, முழங்கையை லேசாகத் தட்டுகிறார், இறங்கிவிட்டதாம் கை. "செம்பகம், இடது பக்கம் மாடியில பாரு, ரெண்டு ஓட்டு நிக்குது." பார்த்தேன். மாடியில் ஒரு அம்மாளும் மருமகளும், காயப் போட்ட துணிகளுக்கு நடுவில். ஓட்டு என்கிறார். எனக்குத் துணி காய்ந்துவிட்டதா என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. சிரித்தேன். சிரிக்கும்போது பல் தெரிய வேண்டும் என்பதும் இவர் சொன்னதுதான். ரேணுகாவுக்கு முன்பல் கொஞ்சம் ஏறியிருக்கும், அது கூட அவளுக்கு ஒரு களையாம், இவர் வாயால் சொன்னது இல்லை, டீக்கடையில் யாரோ சொன்னார்களாம், வீட்டில் வந்து சொல்ல வேண்டிய சேதியா அது.

அடிவயிறு கனக்கிறது. இதை யாரிடம் சொல்வது. காலையில் மூன்று மடக்குத் தண்ணீர்தான் குடித்தேன், மத்தியானம் சாப்பிட்ட பிறகு தொண்டையை நனைத்துக்கொண்டேன், அதற்கே இப்படி. வேட்பாளர் தண்ணீர் குடிக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் பிரச்சாரத்துக்குப் புறப்பட்ட முதல் நாளே புரிந்துபோயிற்று. ஆம்பிளைகள் ஜீப்பை நிறுத்தி ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்கள், இவரும்தான், எனக்கு வாழ்க போடுகிற பையன்களும்தான். அந்தச் சுவரில் என் படம் ஒட்டியிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் எங்கே போவேன். நல்லாங்குளத்தில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பிடம் பஸ் ஸ்டாண்டில் ஒன்று உண்டு, பூட்டுப் போட்டிருக்கும், சாவி வைத்திருந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று சொல்வார்கள். மாநகராட்சி. பேரைக் கேட்டால் பெரிய ஊர் என்று தோன்றும். நகராட்சி என்று போர்டு இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒருநாள் குழாயில் தண்ணீர் வந்தது, மாநகராட்சி என்று போர்டை மாற்றினார்கள், பத்து நாளைக்கு ஒருநாள் ஆயிற்று. மில் மூடிவிட்டது, பெண்கள் குச்சி அடுக்கிப் பிழைத்த தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன, பாதிக் கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியே கிடக்கிறது, இந்த ஊருக்கு மேயராவதற்கு இத்தனை அடிபிடி. இவருக்கு ஆசை. சின்ன வயதிலிருந்தே ஆசையாம், சொல்லியிருக்கிறார், சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு, கழுத்தில் அந்தப் பதக்கச் சங்கிலியும் தொங்க, செங்கோல் பிடித்த ஆள் முன்னால் நடக்க. தேர்தல் வந்தபோது மேயர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது, நான்தான் தலையைத் தடவிவிட்டேன். மூன்றாம் நாள் நான் மாவரைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று சொன்னார், "உன் பேரக் குடுத்திருக்கேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், கும்பிட்டா போதும்." கிரைண்டரை நிறுத்தாமலேயே தலையை ஆட்டினேன். இவர் இப்படி என் பேரைக் கொடுப்பது புதிதும் இல்லை. லாரி வாங்கியபோதும் என் பேரைத்தான் கொடுத்தார். செண்பகவல்லி வாட்டர் சப்ளை. நீல எழுத்தில், டேங்கர் நெடுக, ரெண்டு பக்கமும். குழாயில் வராத தண்ணீரை லாரியில் கொண்டுவந்து விற்கிற வியாபாரம், ஒரு லாரி ஐந்து லாரி ஆயிற்று. ஊர் முழுக்க என் பேர் தெரியும். "செம்பகவல்லி வந்துட்டா, குடத்த எடு" என்று பெண்கள் ஓடி வருவார்கள். என்னைத் தெரியாது.

ஆரத்தி. ஜீப் நிற்கிறது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து சிவந்துபோயிருக்கிறது, தண்ணீரைப் பார்த்ததுமே அடிவயிறு துடிக்கிறது, தாயே பார்க்கக் கூடாது, வேறு பக்கம் பார். நெற்றியில் பொட்டு வைக்கிற பெண்ணின் விரல் சில்லென்றிருக்கிறது. "தனுஷ்கோடி அண்ணன் நல்லா இருக்கணும்" என்று என் நெற்றியைத் தொட்டுக்கொண்டு சொல்கிறாள். நல்லா இருக்கட்டும். சேலையில் ஒரு சொட்டுத் தெறித்துவிட்டது. மெரூனில் தெரியாது. அதுதான் எனக்கு எரிகிறது, இந்த மெரூன். போன வாரம் பையோடு வந்து நீட்டினார், இதுவரைக்கும் எனக்கு ஒரு சேலை தானாக எடுத்து வந்தவர் இல்லை, தீபாவளிக்குக்கூடக் காசைக் கையில் கொடுத்து நீயே போய் எடுத்துக்கோ என்பவர், கடைக்குள் வந்தால் மூச்சு முட்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரித்தேன். மெரூனில் கட்டம் போட்ட பருத்திச் சேலை, மெல்லிய கறுப்புக் கரை. கண்ணாடி முன்னால் மேலே போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, நாற்பத்தைந்து வயதில் வெட்கம்கூட வந்து தொலைத்தது. "எளிமையாத் தெரியணும். பட்டு கட்டாத, பணக்காரின்னு சொல்லுவான்" என்றார். சரி என்று கட்டிக்கொண்டேன். மறுநாள் அவர் போனில் பார்க்கிறேன், அவள் கட்டியிருக்கிறாள். அதே கட்டம், அதே கறுப்புக் கரை. அவள் இதைப் பல மாதமாகக் கட்டுகிறாள் என்று தெரிந்தது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவளுக்கு இந்தச் சேலைதானாம். அந்த ஆபீஸை மூடியபோது வேலை பார்த்த பெண்களுக்கு வர வேண்டியதை வாங்கிக் கொடுக்கிறவரைக்கும் முதலாளி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளே, அன்றைக்குப் பேப்பரில் வந்த படத்திலும் இதேதான். அவளை எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால் ஒரு ஆம்பிளைக்குக் கரையோட அகலம் வரைக்கும் ஞாபகம் இருக்கும். கடைக்காரனிடம் எப்படிச் சொல்லியிருப்பார். கையால் அளவு காட்டியிருப்பார், இவ்வளவு கரை, இந்த மாதிரிக் கட்டம். மூச்சு முட்டியிருக்காது. நான் இப்போது இன்னொருத்தி உடம்புக்குள் நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ரவிக்கைக்குள் வியர்வை வழிகிறது, அவளுக்கும் இப்படித்தான் வழியுமா.

தப்பாக ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். அவளோடு இவர் நேருக்கு நேர் இரண்டு வார்த்தை பேசியிருந்தாலே அதிகம். அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும், அழுதிருப்பேன், அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன். இதற்கு என்ன நியாயம் கேட்பது. எதிர்த்து நிற்கிற வேட்பாளரை என் புருஷன் கவனமாகப் பார்க்கிறார் என்று யாரிடம் போய் அழுவது, தேர்தல் அதிகாரியிடமா. காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பம். அவள் நேற்று எந்தத் தெருவுக்குப் போனாள், எத்தனை பேர் நின்றார்கள், தொண்டை கட்டியிருந்ததா, வெந்நீர் குடித்தாளா, செருப்பு பிய்ந்து கையில் எடுத்துக்கொண்டு நடந்தாளாமே, அது நடிப்பா நிஜமா. எனக்குக் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது, மூன்று நாள் நொண்டினேன், ஜீப்பில்தானே நிற்கிறோம் என்றார். ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடவில்லை. பார்ப்போம் என்றுதான். போன் சொம்பில் சாய்ந்திருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், "லாரிக்காரர் வீட்டுக்கு மேயர் நாற்காலி எதுக்குங்க? குழாய்ல தண்ணி வந்தா அவுக லாரி எங்க ஓடும்? குழாய்ல வராமப் பாத்துக்கத்தானே அந்த நாற்காலி!" அவளுக்குக் கிடைத்த சின்னமும் குழாய், சுயேச்சைக்குக் கொடுக்கிற சின்னங்களில் அவள் கேட்டு வாங்கியது, என்ன மூளை. கூட்டம் கை தட்டியது. இவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. உப்பில்லாத ரசத்தை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார், இரண்டாம் முறை கேட்டார், கடைசியில் தட்டைத் தூக்கிக் குடித்தார். நான் அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன், எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை, உப்பு இருக்கிறதா என்று பார்ப்பது போல. அவள் பேசியது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த இமைக்காத கண்தான் தெரிந்தது. எனக்கு அந்தக் கண் வேண்டும். மேயர் பதவி யாருக்கு வேண்டும்.

தோற்றுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன், நேற்றும் யோசித்தேன், இப்போதும் அதுதான் ஓடுகிறது. தோற்றால் அவள் மேயர். ஐந்து வருஷத்துக்குப் பேப்பரில் அவள், கேபிள் டிவியில் அவள், இவர் சோற்றுக்கு முன்னால் அவள். ஜெயித்தால்? ஜெயித்தால் நான் நாற்காலியில், இவர் பின்னால் இருக்கிற அறையில், அவள் வாசலில் ஜனங்களோடு நின்று கோஷம் போடுவாள், விடுவாளா, அவளைச் சமாளிப்பதே இவருக்கு வேலையாகப் போகும், அப்போதும் அவள்தான். இரண்டு பக்கமும் அவள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ரேணுகாதேவிக்கே விழுகிற ஓட்டு. ஐயோ, இந்த ஜீப் ஏன் ஒவ்வொரு பள்ளத்திலும் தேடித் தேடி இறங்குகிறது. "மெதுவாப் போப்பா" என்றேன், டிரைவர் மாடசாமிக்குக் கேட்கவில்லை, முன்னால் போகிற ஆட்டோவில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கி என்னைத்தான் புகழ்கிறது, "அண்ணன் தனுஷ்கோடி அவர்களின் அன்புத் துணைவியார்", அந்தச் சத்தத்தில் துணைவியார் சொன்னது துணைவியாருக்கே கேட்காது. பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது இப்படி அடக்கியிருக்கிறேன், பஸ்ஸில் மதுரையிலிருந்து வரும்போது, அப்போது இவர் டிரைவரிடம் போய்ச் சொல்லி வண்டியை நிறுத்தினார், நிறுத்தினாரே, முள்மரத்துக்கு அந்தப் பக்கம் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அந்த மனிதர்தான் இவர். அப்போது கேட்காமலே தெரிந்தது. இப்போது என் கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதுகூடத் தெரியவில்லை, கை இறங்குவது மட்டும் தெரிகிறது.

சுண்ணாம்புக்காரத் தெருவுக்குள் திரும்பியதும் ஜீப் நின்றுவிட்டது. ஆரத்தி என்று நினைத்தேன், இல்லை, தெருவின் நடுவில் ஒரு ஆட்டோ நிற்கிறது, குழாய்ப் படம் ஒட்டிய ஆட்டோ. அவளுடையது. ஆட்டோவில் யாரும் இல்லை. மாடசாமி ஹார்ன் அடித்தான். அவளோடு வந்த பெண் ஒருத்தி "அக்கா ஒரு வீட்டுக்குள்ள போயிருக்காக, இந்தா வந்துருவாக" என்றாள். என் தோளுக்கு மேலாக இவர் எட்டிப் பார்த்தார். நிஜமாகவே எட்டிப் பார்த்தார், குதிகாலை உயர்த்திக்கொண்டு. "எந்த வீட்டுக்குள்ள போனா? யாரைப் பாக்கப் போனா?" மூச்சு என் கழுத்தில் சுடுகிறது, அது அவளுக்காக விட்ட மூச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம் அடிவயிறும் இனிமேல் தாங்காது என்று சொல்லிவிட்டது, இரண்டும் சேர்ந்துதான் என்னை இறக்கிவிட்டன. பக்கத்து வாசலில் எங்களுக்காக ஆரத்தித் தட்டோடு காத்து நின்ற பெண்ணைப் பார்த்தேன், என் வயதுக்காரி, தலையில் நரை, கழுத்தில் மஞ்சள் கயிறு. அவள் காதருகே குனிந்து, "ஏக்கா, உங்க வீட்ல…" என்றேன். மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்ணுக்குப் பெண் சொல்ல வேண்டுமா. "வாங்க மைனி, பின்னால இருக்கு" என்று தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். "எங்க போற?" என்றார் இவர். "வீட்டுல பெரியவுக இருக்காகளாம், கால்ல விழுந்துட்டு வாரேன்" என்றேன். நல்ல யோசனை என்று தலையாட்டினார். கண் தெருவில்தான் இருந்தது, எந்த வீட்டுக் கதவு திறக்கும் என்று.

பேச்சியம்மாள் என்று பேர் சொன்னாள் அந்த அக்கா, ஒற்றை அறை, பிறகு அடுப்படி, பிறகு கொல்லைப்புறத்தில் தகரக் கதவு போட்ட கக்கூஸ். கதவு சாத்தியிருந்தது. "உள்ள ஆளிருக்கு. கொஞ்சம் பொறுங்க" என்றாள், சொல்லிவிட்டுச் சேலை முனையால் வாயை மூடிச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தகரக் கதவு திறந்தது. மெரூன் கட்டம், மெல்லிய கறுப்புக் கரை. ஒரு கணம் நானே உள்ளேயிருந்து வெளியே வருகிற மாதிரி இருந்தது. ரேணுகாதேவி என்னைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். போனில் தெரிவதைவிடக் குள்ளம். கண்ணுக்குக் கீழே கறுப்பு. முன்பல் ஏறித்தான் இருக்கிறது, அதில் என்ன களை என்று எனக்குத் தெரியவில்லை. "வாங்கக்கா" என்றாள், அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வந்த மாதிரி. "ஒரே சேலை! எங்க எடுத்தீங்க?" நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். "அவுக எடுத்துட்டு வந்தாக" என்றேன். கத்தி மாதிரி இறங்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் முகம் வாடிப்போயிற்று. "குடுத்து வச்சவுக நீங்க. எங்க வீட்டுக்காரர் இன்ன வரைக்கும் ஒரு ரவிக்கைத் துணி எடுத்தாந்ததில்ல. நான் பேசுற கூட்டத்துக்கும் ஒருநாள் வந்ததில்ல. உங்க வீட்டுக்காரர் எங்க கூட்டத்துக்குக்கூட வந்து முன்னால நின்னு முழுசும் கேக்காரு." எனக்கு அந்த நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்தது, பிறகு முழுசும் கேக்காரு என்பது உறைத்தது, மறுபடியும் எரிந்தது. பேச்சியம்மாள் வாளியைக் காட்டினாள். சின்ன வாளி, பாதிக்குக் கீழே தண்ணீர். "ரெண்டு மேயரம்மாவுக்கும் இதுதான் உண்டு, பாத்து ஊத்துங்க. முந்தாநாள் செம்பகவல்லி வந்தப்ப ரெண்டு குடம் பிடிச்சேன், அதுலதான் சோறு, அதுலதான் குளிப்பு, அதுலதான் இது. அதுக்கும் இந்தத் தடவ ரேட்டக் கூட்டிட்டான், கட்டையில போறவன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், யார் முன்னால் சொல்கிறோம் என்று நினைவு வந்திருக்க வேண்டும். ரேணுகா வேறெங்கோ பார்த்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உலகத்தில் இதைவிட ஒரு சுகம் இருக்கிறதா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தகரத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு துண்டு வெயில் என் முழங்காலில் விழுந்திருந்தது. வாளியில் என் பேர் கொண்ட தண்ணீர். அவள் எவ்வளவு குறைவாக ஊற்றியிருக்கிறாள் என்று வாளியின் ஈரக் கோடு காட்டியது, விரற்கடை அளவுதான் இறங்கியிருந்தது, அதிலும் என்னைவிட ஒசத்தி என்று காட்ட வேண்டுமா அவளுக்கு. நானும் விரற்கடைதான் ஊற்றினேன், அதற்குக் குறைவாகவே ஊற்றினேன். வெளியே அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, தண்ணி குடிக்காமக் கிடக்காதீக. நான் அப்படிக் கிடந்துதான் நீர்க்கடுப்பு வந்து போன மாசம் ஊசி போட்டுட்டு வந்தேன். எந்தத் தெருவுல எந்த வீட்டுக்குப் போகலாம்னு இப்ப எனக்கு மனப்பாடம். அடுத்த தெருவுல பச்சைக் கதவு வீடு. சத்திரத் தெருவுல டெய்லர் வீடு, கேட்டாச் சாவி குடுப்பாக. பயப்படாமக் குடிங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். எதிரிக்கு இதையெல்லாம் சொல்வார்களா. சொல்கிறாள் பார், இதற்குத்தான் ஜனங்கள் அவளிடம் மயங்குகிறார்கள், இவரும் இதற்குத்தான், எனக்கே ஒரு நிமிஷம் பிடித்துப்போயிற்று, அதுதான் தாங்க முடியவில்லை.

ஜீப்பில் ஏறினேன். அவள் ஆட்டோ ஓரமாக ஒதுங்கி நாங்கள் போவதற்கு வழி விட்டு நின்றது, அவள் இறங்கி நின்றாள், ஒரு கை இடுப்பில். இவர் என்னை ஏற்றிவிடக் கை கொடுத்தார், கண் அங்கே. "அவ அந்த வீட்டுலயா இருந்தா? உன்ட்ட என்ன பேசுனா?" மைக்கை என் கையில் திணித்தார், பழகின இரண்டு வரி, உங்கள் வீட்டு மகள் உங்களை நாடி வந்திருக்கிறேன், உங்கள் பொன்னான வாக்குகளை அளியுங்கள், அவ்வளவுதான், பிறகு மைக் இவரிடம் போய்விடும், தெருத் தெருவாக அப்படித்தான். மைக் அவர் கைச் சூட்டோடு இருந்தது. நியாயத்துக்காகப் பேசினேன் என்று பின்னால் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேச்சியம்மாள் வாளிக்காகக் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தக் கண்ணுக்காக. சேலை அவளுடையது என்றால் பேச்சும் அவளுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. ஒரு கையை இறக்கினேன். இடுப்பில் வைத்தேன். "இந்தத் தெருவுக்குக் குழாய்ல தண்ணி வந்து எத்தன நாளாச்சுன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்" என்றேன், என் குரல் எதிர்ச் சுவரில் அடித்துத் திரும்பி வந்தது, இவ்வளவு பெரிய குரலா எனக்கு. "இப்பத்தான் ஒரு வீட்டு வாளியைப் பாத்துட்டு வாரேன். நான் மேயரானா குழாய்ல தண்ணி வரும். குழாய்ல வந்துட்டா லாரி வேண்டாம். எந்த லாரியும் வேண்டாம், செம்பகவல்லி லாரியும் வேண்டாம். சொல்லுறது யாரு? செம்பகவல்லி!" ஆட்டோவுக்குப் பக்கத்தில் ரேணுகாவின் கை இடுப்பிலிருந்து மெதுவாக இறங்கியது. பிறகு பேச்சியம்மாள்தான் முதலில் குலவையிட்டாள், அதற்குப் பிறகு தெருவே குலவையிட்டது.

திரும்பிப் பார்த்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை. ஓட்டு நிற்கிற மாடியை இல்லை, ஆட்டோவை இல்லை, அவளை இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. கை தானாகப் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தது. இதே முகம்தான், சோற்றுத் தட்டுக்கு முன்னால் பார்த்த அதே முகம், ஒரு மாற்றமும் இல்லை, இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் பார்த்தபோது தெரிந்துவிட்டது. பயம். வெறும் பயம். ரேணுகாவைப் பார்த்து இவர் ரசிக்கவே இல்லை, பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், உப்பு உறைக்காத அளவுக்குப் பயம். இதற்காகவா நான் இத்தனை நாள் வெந்து செத்தேன். அழுகை வர வேண்டும், வரவில்லை. முள்மரத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் பிடித்த மனிதரை இந்த முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் அந்தக் கண்ணை விட எனக்கு மனம் வரவில்லை, என்ன ஜென்மம் நான், இன்னும் கொஞ்சம் பாரு என்று இருந்தது, அவளைப் பார்த்ததைவிட அதிகமாகப் பாரு. "மைக்கக் குடு" என்றார். கொடுக்கவில்லை. "மாடசாமி, தண்ணி இருக்கா?" என்றேன். அவன் சீட்டுக்கு அடியிலிருந்து முழுப் பாட்டிலை எடுத்து நீட்டினான். மூடியைத் திருகினேன். "குடிக்காத, இன்னும் நாலஞ்சு தெரு இருக்கு" என்றார், போனை இறக்காமலேயே. அண்ணாந்து குடித்தேன். தொண்டையிலிருந்து நெஞ்சு வழியாக அடிவயிறு வரைக்கும் சில்லென்று இறங்கியது, பாட்டில் காலியாகும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை. அடுத்த தெருவில் பச்சைக் கதவு வீடு இருக்கிறது.